கையைக் காட்டு

பாய்ப்படகுக்கு என்னத்துக்கு எஞ்சின் என்று ஊருக்குப் போயிருந்தபோது ஒருவர் கேட்டார். பேர்கன் பக்கத்து நீரிணைகளில் காற்று விழுந்துபோன பின்னேரம் ஒன்றில் அகப்பட்டவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். இரண்டு கரையிலும் மலை நெட்டுக்கு நிற்கும். நடுவில் ஒடுங்கிய தண்ணீர். நீரோட்டம் பாறைப் பக்கம் இழுக்கும். வளைவுக்கு அப்பால் கார்களை ஏற்றிக்கொண்டு பெரி ஒன்று வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாய் வெறும் துணிதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் படகு 31 அடி. கொலின் ஆர்ச்சர் பாணியில் முன்னும் பின்னும் கூர்ந்த உடல். 1970களில் கண்ணாடியிழையில் வார்த்தது. அதற்குள் இருந்தது சாப் எஞ்சின். 1925இல் தொடங்கி இதே பேர்கனில் செய்துவந்த எஞ்சின் அது. நோர்வேயின் மேற்குக்கரைச் சின்ன மீன்பிடிப் படகுகளிலும் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளிலும் அதற்கு நல்ல பேர். ஒற்றைச் சிலிண்டர், 10 குதிரைவலு, கனத்த சில்லு. பற்றரி செத்தாலும் கைபிடியைச் சுற்றிக் கிளப்பலாம். பெரியவரிடம் இருந்ததில் கியர் மாற்றிப் பின்னே போகிற ஏற்பாடு கிடையாது. முன்னே போனாலும் பின்னே போனாலும் சாஃப்ட் ஒரே பக்கமாகத்தான் சுழலும். சாஃப்டுக்குள் ஓடும் கம்பியொன்று புரொப்பெல்லரின் இதழ்களைத் திருப்பிவிடும். கெட்டிக்கார வேலை. ஆனால் குளிர்விப்பதற்குக் கடல்தண்ணீரையே நேராக உள்ளே இழுக்கும் எஞ்சின் என்பதால், சிலிண்டரைச் சுற்றிய இரும்பை உப்பு உள்ளிருந்தபடியே தின்றுவிட்டது. 2020 இலையுதிர்காலத்தில், படகைக் கரையேற்றிய கையோடு, பெரியவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கழற்றுவதென்று முடிவெடுத்தார். இங்கிலாந்தின் பீட்டா மரீன் எஞ்சின் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். மூன்று சிலிண்டர், உள்ளே இருப்பது ஜப்பானின் குபோட்டா. சின்னத் தோண்டு இயந்திரங்களையும் உழவு இயந்திரங்களையும் ஓட்டும் அதே குடும்பம், கடலுக்கென்று உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தது.

பழைய சாஃப்டை உருவுவதுதான் முதல் சிக்கல். கையேட்டில் இருந்த படம் போதவில்லை. தேடித் தேடி, ஸ்கொட்லாந்தில் யாரோ ஒருவர் யூரியூப்பில் போட்டிருந்த சின்னப் படமொன்றைக் கண்டுபிடித்தார். எடுத்தவர் தன் முகத்தையே காட்டவில்லை. படம் நடுங்கியது, பாதி இருட்டு. ஆனால் எந்த முள்ளாணியை முதலில் தட்ட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது அதில் தெளிவாக இருந்தது. பெரியவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாஃப்ட் கழன்று வந்த அன்று பின்னேரம் என் வீட்டுக் கதவைத் தட்டி, "அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மிச்ச வேலையை நாங்களும் படமெடுத்துப் போடவேண்டும். நீ பிடிக்கிறாயா?" என்றார்.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பதால் அந்தத் தெருவில் பகலில் வீட்டில் நிற்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த வகைப் படங்களுக்கு அப்போதே கூட்டம் சேர்ந்திருந்தது. டென்மார்க்கின் மாட்ஸ் என்பவர் வொரியர் 38 ரகப் படகொன்றைப் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகப் புதுப்பித்து ‘சேல் லைஃப்’ என்ற பெயரில் காட்டிவந்தார். ‘ஊமா’ படகின் இளம் தம்பதி தங்கள் பியர்சன் 36இல் இருந்த டீசல் எஞ்சினைத் தூக்கியெறிந்துவிட்டு மின்மோட்டர் பூட்டியதைப் படமாக்கினார்கள். 1910இல் கட்டப்பட்டு 1927இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தை வென்ற ‘டாலி ஹோ’வை லியோ கூல்டன் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய எலும்பிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார், 2024இல் அது அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் தண்ணீர் கண்டது. வாழ்நாளில் படகேறாதவர்களும் இவற்றைக் கிழமைக்குக் கிழமை காத்திருந்து பார்த்தார்கள். பெரியவருக்கு அந்த அளவு ஆசையெல்லாம் இல்லை. சாப் எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் வைக்க நினைக்கும் இன்னொருவருக்கு வழி தெரியவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வேறொரு காரணம் இருந்தது. என் ஐயா காரைநகர் சீநோர் படகுத் தளத்தில் எஞ்சின் பூட்டியவர்.

நோர்வேத் தமிழர் பலருக்குச் சீநோரின் கதை ஓரளவு தெரியும். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்தார். இங்கே வந்த முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலை இங்கே கற்றவர், நோர்வேயின் மதுவிலக்கு இளைஞர் இயக்கத்தின் துணையோடு 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கரையில் அந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. எங்கள் தலைமுறை 1980களிலும் பின்னரும் நோர்வேக்கு வந்து சேர்வதற்கு அவர் போட்ட பாதைதான் முதல் காரணம். ஊர்காவற்றுறையைப் பார்த்தபடி இருந்த அந்தத் தளத்தில் ஐயா இளம்பிள்ளையாய்ச் சேர்ந்தார். கண்ணாடியிழை உடலுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி, நேர் பார்த்து, பூட்டி, கிளப்பிக் கொடுப்பது அவர் வேலை. பின்னர் போர் வந்தது. தளமும் போனது, ஊரும் இடம்பெயர்ந்தது. ஐயா போகாத இடமெல்லாம் போய்க் கடைசியில் காரைநகருக்கே திரும்பி, வீட்டு முற்றத்தில் மற்றவர்களின் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் நான் அவருக்கு லைற் பிடித்திருக்கிறேன். பாடசாலை விடுமுறைகளில் படகின் வயிற்றுக்குள் அவரோடு குந்தியிருப்பேன். "லைற்றைப் பிடி. அசையாதை." பாடம் அவ்வளவுதான். எதை ஏன் செய்கிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "பாத்துப் பழகு" என்பார். பார்த்தேன், பழகவில்லை. அவர் கோபக்காரர் என்பதால் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் இருந்திருப்பார். அந்தத் தொழிலுக்குக் கையும் கண்ணும் காதும் இருந்தன, வாய் இருக்கவில்லை.

முதல் படம், சாப்பை வெளியே எடுப்பது. பாயின் கீழ்த்தடியைப் பாய்மரத்திலிருந்து வரும் கயிற்றால் இழுத்துக் கட்டி, அதில் சங்கிலிக் கப்பியை மாட்டி, படிக்கட்டு வாசல் வழியாக எஞ்சினைத் தூக்கி, பலகை விரித்த பின்தளத்தில் இறக்கினோம். பெரியவர் முன்னாள் பெரி எஞ்சினியர். பேச்சுக் குறைவு. மேற்கு நோர்வேக்காரர் பலர் அப்படித்தான். வேலை நடந்தவரை படத்தில் கேட்டது சங்கிலியின் கிலுகிலுப்பும் படங்குக்கு மேல் விழுந்த மழையும்தான். ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது.

அதை வெட்டி ஒட்டி யூரியூப்பில் போட்ட கையோடு ஐயாவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். மகன் என்ன செய்கிறான் என்று பார்க்கட்டும் என்றுதான். இரவு வேலையில் இருந்தபோது அவருடைய குரல் பதிவு வந்தது.

"தம்பி, பாத்தன். அந்தாள் நல்ல வேலைக்காரன். ஸ்பனரைப் பிடிக்கிற பிடியிலயே தெரியுது. தடிக்குக் கீழ முண்டு குடுத்திருக்கிறார், அது சரி. கயித்தை மட்டும் நம்பக்கூடாது, கயிறு இழுபட்டுக் குடுக்கும். எஞ்சின் வாசல் நடுவில நிக்கேக்க தடி ஒரு அங்குலம் இறங்கினாலும் வாசலை உடைச்சுப்போடும். நீ ஏன் அந்தாளின்ர முகத்தைக் காட்டுறாய்? முகத்தில என்ன கிடக்கு? கையைக் காட்டு."

பதிவை இரண்டாம் தரமும் கேட்டேன். முண்டு ஏன் கொடுக்கவேண்டும் என்று ஐயா காரணம் சொல்லியிருந்தார். யாரும் கேட்காமலே சொல்லியிருந்தார்.

அடுத்தது எஞ்சின் தாங்கும் கட்டை. சாப்புக்கென்று போட்டிருந்த கட்டைகள் அகலத்திலும் உயரத்திலும் புது எஞ்சினின் கால்களோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சின் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கமுடியாது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை ஒவ்வொரு தரமும் தூக்கி வைத்து அளவு பார்க்க முடியுமா? கொம்பனி அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து ஒட்டுப்பலகையில் பொய் எஞ்சின் ஒன்று செய்தார் பெரியவர். நான்கு கால்கள் வரும் இடமும் கியர்பொக்ஸின் மையம் வரும் துளையும் அதில் சரியான அளவில் இருக்கும், மற்றதெல்லாம் வெறுமை. பிறகு சாஃப்ட் போகும் குழாய் வழியாக ஒரு நூலை வெளியிலிருந்து உள்ளே இழுத்து, குழாயின் இரு முனையிலும் நூல் நட்டநடுவில் நிற்கும்படி கட்டினார். அந்த நூல்தான் இனி வரப்போகும் சாஃப்டின் கோடு. பலகை எஞ்சினை நகர்த்தி நகர்த்தி நூல் துளையின் நடுவால் போகும்வரை பார்த்தார். எவ்வளவு உயர்த்தவேண்டும், எவ்வளவு வெட்டவேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

இதையும் அவர் வாய் திறக்காமலே செய்துகொண்டு போனார். படமெடுத்த எனக்கே ஒன்றும் விளங்கவில்லை என்றால் பார்ப்பவருக்கு என்ன விளங்கும்? தொலைபேசிக்குப் பின்னால் நின்றபடி, "ஏன் நூல்? குழாய் நேராகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன். கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். சிறிது யோசித்தார். பிறகு நெடுநேரம் பேசினார். குழாய் நேராக இருந்தாலும் படகுக்கு நடுவில் நேராக இருக்குமென்று சொல்லமுடியாது. சாப் காலத்தில் சற்றுப் பக்கமாகச் சாய்த்துப் போட்டிருக்கலாம். குழாயின் வெளிவாயில் இருக்கும் றபர்த் தாங்கி சாஃப்டைப் பிடிக்கும் இடம் ஒன்று, உள்ளே கியர்பொக்ஸ் பிடிக்கும் இடம் ஒன்று, இரண்டுக்கும் இடையில் எங்கேயும் சாஃப்ட் உரசக்கூடாது. முடித்ததும், "இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை" என்றார்.

அன்றிலிருந்து என் வேலை "ஏன்" என்று கேட்பதாயிற்று. ஐயாவிடம் கேட்க முடியாதவற்றை நோர்வேக்காரர் ஒருவரிடம் கேட்டேன். பதிலைப் படமாக்கினேன். படம் காரைநகருக்குப் போனது. நோர்வேஜிய மொழி ஐயாவுக்கு விளங்காது. நான் கீழே போட்ட எழுத்துகளும் ஆங்கிலத்தில் இருந்தன. அவர் சத்தத்தைக் கேட்டார், கைகளைப் பார்த்தார். விளங்கிக்கொண்டு பதில் அனுப்பினார். சில இடங்களில் ஒத்துக்கொண்டார், சில இடங்களில் மறுத்தார். மறுத்தால் ஏன் என்று நான் கேட்பேன். முற்றத்தில் நின்று பேசியிருந்தால் "உனக்கென்ன தெரியும்" என்று முடித்திருப்பார். இப்போது எதிரில் இருப்பவர் அவரைப் போலவே ஒரு வேலைக்காரர். அவருக்குக் காரணம் சொல்லாமல் விடமுடியாதே.

கட்டையில் புதுக் கண்ணாடியிழை ஏற்றும்போது ஐயாவின் பதிவுகள் நீண்டன. பழைய எஞ்சின் கசியவிட்ட எண்ணெய் கட்டைக்குள் ஊறியிருக்கும். மேலால் துடைத்துவிட்டு ஒட்டினால் ஆறு மாதத்தில் தோல்போலக் கழன்று வரும். நல்ல பொருள் வெளுத்துத் தெரியும்வரை அரைத்து, அசிட்டோனால் துடைத்து, துடைத்த துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடக்கூடாது. அரைக்கும் முன் கழுத்திலும் கையிலும் பவுடர் பூசச் சொன்னார். தூசி தோலின் துளைக்குள் இறங்காதாம். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார், பூசிக்கொண்டார். படத்தில் அவருடைய வெள்ளைக் கழுத்தைப் பார்த்துக் கருத்துப் போட்டவர்களுக்குக் காரணம் சொல்லிப் பதில் எழுதினேன்.

நேர் பார்க்கும் வேலைக்கு வசந்தம்வரை காத்திருந்தோம். சாஃப்டின் முனையில் ஒரு தட்டு, கியர்பொக்ஸின் முனையில் ஒரு தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் போல்ட் போடவேண்டும். முகங்கள் சரிசமமாகப் பொருந்தாவிட்டால் ஓடும்போது நடுக்கம் வரும், தாங்கி தேயும், கியர்பொக்ஸின் சீல் கசியும். இதைக் கரையில் வைத்து முடிக்கமுடியாது. கட்டைகளின் மேல் அடிக்கீலில் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவத்தில் இருக்கும். தண்ணீர் நாலாபுறமும் தாங்கும்போது வேறொரு வடிவத்துக்கு வரும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத் தெரியும். ஏப்பிரலில் படகை இறக்கி, இரண்டு நாள் மிதக்கவிட்டு, பிறகே தொட்டோம்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, தட்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிதான் விடலாம் என்பது. எங்கள் தட்டு நான்கு அங்குலம். அப்படியென்றால் ஆயிரத்தில் நான்கு, ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். பெரியவர் இடைவெளி அளக்கும் தகடுகளை விரித்தார். முதலில் இரண்டு தட்டையும் கையால் தள்ளி, ஒன்றின் நடுமேடு மற்றதன் குழியில் தானாக நுழைகிறதா என்று பார்த்தார். பிறகு மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்திலும் தகட்டைச் செருகினார். மேலே போகிறது, கீழே போகவில்லை. முன்கால்களின் நட்டைச் சாவியால் அரைக்கால் சுற்றுத் திருப்பினார். மறுபடி நான்கு இடமும். சாஃப்டை அரைச் சுற்றுச் சுழற்றி மறுபடி நான்கு இடமும்; இடைவெளியும் கூடவே சுழன்றால் கோணல் தட்டில், நின்ற இடத்தில் நின்றால் கோணல் எஞ்சினில். ஒரு காலைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும். பின்னேரம்வரை இதுதான்.

அன்று எடுத்த துண்டை அப்படியே அனுப்பினேன். ஐயாவிடமிருந்து இரண்டு பதிவுகள் வந்தன. முதலாவது:

"எங்களிட்ட உந்தத் தகடுகள் இருக்கேல்லை தம்பி. ஒரு செற் வந்தது, அதையும் பெரியவை பூட்டி வைச்சிருப்பினம். நாங்கள் சவரம் செய்யிற பிளேட்டைத்தான் வைப்பம். பழைய பிளேட், கூரைக் கல்லில தேய்ச்சு மழுங்கப் பண்ணிப்போட்டு. நாலு பக்கமும் பிளேட் நுழையாட்டிச் சரி."

பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எதுவும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். சவரப் பெட்டியோடு வந்தார். இருபக்கமும் கூரான பிளேட்டை மைக்ரோமீற்றரில் பிடித்து அளந்து என்னிடம் நீட்டினார். 0.1 மில்லிமீற்றர். நான்கு அங்குலத் தட்டுக்கு வேண்டிய அதே அளவு! காரைநகரில் யாரும் புத்தகம் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஐயா பூட்டிய எஞ்சின்களின் தட்டும் அந்த அளவில் இருந்திருக்கவேண்டும். பிளேட் நுழைந்த படகுகள் நடுங்கியிருக்கும், நுழையாதவை ஒழுங்காக ஓடியிருக்கும். அதிலிருந்து வந்த அறிவு. மிச்ச நேர்பார்ப்பைப் பெரியவர் பிளேட்டால்தான் செய்தார், படத்துக்காக.

இரண்டாவது பதிவு இன்னும் கனமானது.

"இடைவெளி சரியா வந்தாலும் விடாதையுங்கோ. பின்னுக்கு இடப்பக்கக் காலின்ர றபரைப் பார். வலப்பக்கத்தை விட நசிஞ்சு கிடக்கு. மூண்டு காலில பாரத்தை ஏத்திப்போட்டும் தட்டைச் சரியாக் காட்டலாம். ஓட ஓட அந்த றபர் இறங்கும், பிறகு எல்லாம் பிழைச்சுப்போம்."

படத்தை நிறுத்திப் பார்த்தோம். எங்களுக்குத் தெரியவில்லை. பெரியவர் கீழே இறங்கி றபர்களின் உயரத்தை அளந்தார். பின்னிரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம். அத்தனை நேரமும் தகட்டையே பார்த்துக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் காணாததை, கைத்தொலைபேசித் திரையில் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவர் கண்டுவிட்டார். முன்னிரண்டு காலும் தமக்குள் சமமாக, பின்னிரண்டும் தமக்குள் சமமாகப் பாரம் தாங்கும்படி முதலில் திருத்திவிட்டு, இடைவெளியை ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். இருட்டுவதற்குச் சற்று முன்னால் பிளேட் நான்கு பக்கமும் நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை.

அந்தப் படத்தை எவ்வளவு வெட்டுவது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். இப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலும் ஒரு பாட்டுப் போகும், சாவி நாலு தரம் சுற்றும், அடுத்த காட்சியில் எஞ்சின் ஓடும். ஐயாவுக்கு அது பிடிக்காது. "மூண்டு நாள் வேலை பத்து நிமிசத்தில முடியுது. பாக்கிறவன் லேசெண்டு நினைச்சு எஞ்சினைக் கழட்டிப்போட்டு முழிப்பான்." அவர் சொன்னபடி, ஒரு காலைத் தொட்டால் மற்றவை மாறுவதை, பெரியவர் பெருமூச்சு விடுவதை, நட்டு இறுகிப்போய்த் திரும்ப மறுத்ததையெல்லாம் விட்டுவைத்தோம். நாங்கள் போட்டவற்றில் மிக நீளமான படம் அதுதான். படகு வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதும் அதைத்தான். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது சலிப்பு. எஞ்சினுக்குப் பக்கத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு வேறு என்ன வேண்டும்?

கிளப்பும் நாள் வந்தது. டீசல் குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் பிடிக்காது. ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, சின்ன பம்பின் நெம்பைப் பெருவிரலால் அழுத்த அழுத்த, நுரைநுரையாக வந்த டீசல் மெல்லத் தெளிந்தது. நுரை நின்றதும் திருகை இறுக்கினார். அதற்குள் ஐயாவின் எச்சரிக்கை வந்திருந்தது: எஞ்சின் பிடிக்கும்வரை கடல்தண்ணீர் வரும் வால்வைப் பூட்டிவைக்க வேண்டும். பிடிக்காத எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரைத் தள்ளும். தள்ளிவிடப் புகையின் வேகம் இல்லாததால் தண்ணீர் புகைப்பெட்டியில் நிறைந்து, பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். புது எஞ்சின் அன்றே பழைய எஞ்சின் ஆகிவிடும். பிடித்தவுடன் வால்வைத் திறக்காவிட்டாலும் ஆபத்து. பம்பின் றபர் இதழ்கள் உலர்ந்து எரிந்துபோகும். பெரியவருக்கு இது தெரிந்தே இருந்தது. வால்வு பூட்டித்தான் இருந்தது. அதைப் படத்தில் கண்டுவிட்டு ஐயா மகிழ்ந்துபோனார். "நான் சொன்னன்தானே, அந்தாளுக்குத் தெரியும்."

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. பெரியவர் ஒரே பாய்ச்சலில் வால்வைத் திறந்தார். பின்பக்கத்து வாயிலிருந்து தண்ணீர் இருமி இருமிக் கொட்டியது. சாப்பின் டொக்குடொக்குச் சத்தம் குடாவுக்கே பழகியிருந்தது. இந்தப் புதுச் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண் சன்னலைத் திறந்து பார்த்தார். ஐயாவின் தீர்ப்பு இரவு வந்தது: "சத்தம் சுத்தம். ஆனா தையல் மெசின் மாதிரிக் கிடக்கு. மீன்காரன் வாங்கமாட்டான்."

அந்தக் கோடையில் ஒரு காரியம் செய்தேன். ஐயாவின் குரல் பதிவுகளைத் திரட்டி, பெரியவரின் கைகள் வேலை செய்யும் படங்களுக்கு மேல் ஒட்டி, தமிழில் தனியாகப் போட்டேன். வேலை செய்வது நோர்வேக் கை, காரணம் சொல்வது காரைநகர்க் குரல். ஆளில்லாத கடை போலத்தான் கொஞ்சக் காலம் கிடந்தது. எங்கள் கரையில் இப்போது பெரும்பாலும் வெளியே மாட்டுகிற எஞ்சின்கள். நேர் பார்க்கும் தொல்லை அவற்றுக்கு இல்லை. ஆனாலும் உள்ளே எஞ்சின் வைத்த பெரிய படகுகள் இருக்கின்றன, அவற்றைத் திருத்தும் பெடியளும் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து ஒருவன் ஐயாவைத் தேடி வீட்டுக்கே வந்தான். தன்னுடைய படகில் மூன்றாவது தரமும் சீல் போய்விட்டது என்றான். ஐயா அவனிடம் கேட்ட முதல் கேள்வி: "கரையிலயோ தண்ணியிலயோ நேர் பாத்தனீ?" கரையில்தான் பார்த்திருந்தான்.

படம் எல்லாவற்றையும் சுமக்காது. போல்ட் இறுகி முடியும் இடத்தில் மணிக்கட்டுக்குத் தெரிவதைத் திரை காட்டாது. கண்ணாடியிழைத் தூசி கடிப்பது திரைக்குத் தெரியாது. எண்ணெய் கருகும் மணம் வராது. ஐயா "பாத்துப் பழகு" என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழகுவதைப் பழகித்தான் தீரவேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு வேலைக்காரர் எதையும் சொல்லவேண்டியதில்லை. பிள்ளை அங்கேயேதான் நிற்கும், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு விளங்கும். கமராவுக்குப் பின்னால் இருப்பவர் யாரென்றே தெரியாது. அவருக்கு நாளைக்கு என்று ஒன்று இல்லை. அவருக்காகக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் பேசாமல் வேலை செய்த இரண்டு கிழவர்களை எங்கள் படங்கள் பேசவைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஐயாவின் தொழிலை எனக்குக் கற்பித்தது அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஆண்டுகள் இல்லை, அவர் முன்பின் தெரியாதவர்களுக்காகப் பேசிய அந்த ஒரு குளிர்காலம்தான்.

ஐம்பது மணித்தியாலம் ஓடியபின் முதல் பராமரிப்பு. எண்ணெய் மாற்றும்போது கூடவே பிளேட்டையும் வைத்துப் பார்க்கச் சொன்னார் ஐயா. றபர்கள் சற்று இறங்கியிருந்தன. கீழ்ப்பக்கம் பிளேட்டின் நுனி நுழைந்தது. கால் சுற்றுத் திருப்பிச் சரிசெய்து, அதையும் போட்டோம்.

இப்போது சாப் எஞ்சின் பெரியவரின் கொட்டிலில் மேசைமேல் இருக்கிறது. அதை முழுவதும் கழற்றி, ஓடவைக்க முடியுமா என்று பார்ப்பது அடுத்த வேலை. ஐயா இதுவரை சாப்பின் உட்புறத்தைக் கண்டதில்லை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் அவர் கைக்குப் பழக்கம் என்பதால், எதை முதலில் திறக்கவேண்டும் என்று இரண்டு பேரும் என் வழியாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் காரைநகர் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தியது, ஐயாவோ எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். அதனால் இரவு வேலை முடிந்து நான் வீடு திரும்பும்போதே பெரியவர் கொட்டில் வாசலில் நின்று, "உன் அப்பா எழுந்துவிட்டாரா?" என்று கேட்கிறார்.